நான்கு மூலைச் சோதனை

முப்பத்தொரு வருடம் நான் முத்திரை ஆய்வாளராக இருந்தேன். கடைத் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும், இல்லாவிட்டால் கம்பி கட்டி ஈயத்தால் மூடுவதும் என் வேலை. தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவர்களைப் பிடித்திருக்கிறேன். படிக்கல்லைக் குடைந்து மெழுகு ஊற்றியவர்களைப் பிடித்திருக்கிறேன். பிடிபட்டவர்களில் ஒருவர்கூட, "எல்லாம் உங்க நன்மைக்காகத்தான் செஞ்சேன்" என்று என்னிடம் சொன்னதில்லை. அந்த வாக்கியத்தைக் கேட்பதற்கு நான் ஓய்வு பெற்று, எங்கள் சபையின் வளர்ச்சிக் குழுவில் சேர வேண்டியிருந்தது.

சேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் மருந்தாளுநர். பதினான்கு வயதிலிருந்து சபையில் ஆர்கன் வாசிக்கிறாள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் ஞாயிறுதோறும் ரயிலில் வந்து வாசித்துவிட்டுப் போனாள். சென்ற வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு பெட்டிகளோடு வீட்டுக்கு வந்தாள். "இனிமே இங்கதான்ப்பா இருக்கப் போறேன்" என்றாள். "சரி" என்றேன். ஏன் வந்தாள் என்பதை வாசகருக்கும் நான் சொல்லப்போவதில்லை. அவளுக்காக ஜெபிக்க விரும்புகிறவர்கள் காரணம் தெரியாமலே ஜெபிக்கலாம்.

என் மனைவிக்கு வெள்ளிக்கிழமை மாலை என்றால் அரசு மருத்துவமனை. இருபத்தாறு வருடமாக, யாரும் வந்து பார்க்காத நோயாளிகளுக்குத் தலை துவட்டிவிடுவாள், நகம் வெட்டிவிடுவாள், அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வளர்ச்சிக் குழு கூடுவதும் அதே வெள்ளி மாலையில்தான். நோயாளிகளுக்காக அங்கே அரை மணி நேரம் ஜெபிப்பார்கள். அந்த நேரத்தில் நோயாளிகளோடு இருந்த காரணத்தால் அவளுக்கு வருகைப் பதிவேட்டில் வருடம் முழுவதும் 'ஆஜரில்லை'.

ஒரு வெள்ளிக்கிழமை வார்டுக்கு வெள்ளையடித்தார்கள். அன்று மட்டும் குழுவுக்குப் போனாள். எல்லாரும் ஏதாவது பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்தியதால், "மக வீட்டுக்கு வந்திருக்கா. அவளுக்காக ஜெபம் பண்ணிக்குங்க" என்று ஒரே ஒரு வரி சொன்னாள்.

மறுநாள் ஞாயிறல்ல, அதற்கும் மறுநாள்தான் ஞாயிறு. அந்த இரண்டு நாள் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. சபை வாசலில் கொடுத்த ஜெபக் குறிப்புத் தாளில் ஏழாவதாக அச்சாகியிருந்தது: 'கணவரால் கைவிடப்பட்டு, வயதான பெற்றோருக்குச் சுமையாகிவிட்ட, ஆர்கன் வாசிக்கும் சகோதரியின் மனந்திரும்புதலுக்காக.' எட்டாவது, குழுத் தலைவரின் புதிய காருக்குப் பாதுகாப்பு.

திங்கட்கிழமை காலை போதகரின் அறையில் போய் உட்கார்ந்தேன். போதகர் நல்ல உயரம். எப்போதும் இரண்டு கைகளாலும் நம் ஒரு கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். கையைக் கொடுக்காமல் தாளைக் கொடுத்தேன்.

"பெயரே போடலையே ஐயா," என்றார் உண்மையான ஆச்சரியத்தோடு. "பெயர் போடறதில்லைங்கறதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு."

"சபையில எத்தனை ஆர்கன் இருக்கு?"

"ஒண்ணு."

"வாசிக்கறவங்க?"

"ஒருத்தர்தான். அதனாலதான் பெயர் தேவைப்படலை."

பிறகு அவர் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மகள் கொஞ்ச காலம் ஆர்கன் வாசிக்காமல் இருப்பது நல்லது என்று குழுத் தலைவர்கள் எல்லாரும் ஒருமனதாக உணர்கிறார்களாம்.

"இது தண்டனை இல்லை ஐயா. இதைக் குணமாகும் பருவம்னு சொல்றோம்."

"யாருக்கு உடம்பு சரியில்லை?"

"சபைக்கு. அவங்களைப் பாக்கும்போதெல்லாம் சபை புண்படுது."

"அவ சபைக்கு முதுகைக் காட்டித்தானே உக்காந்து வாசிக்கறா?"

"முதுகைப் பாத்தும் புண்படறாங்க ஐயா. நான் என்ன செய்ய? எல்லாம் உங்க நன்மைக்காகத்தான்."

மகள் மறுபடி ஆர்கனில் உட்கார ஒரு வழி இருந்தது. குடும்பத் தலைவரான நான் பன்னிரண்டு வாரம் வளர்ச்சிக் குழுவில் தவறாமல் உட்கார்ந்து, வளர்ச்சி அட்டையில் கையெழுத்து வாங்கி, முடிவில் சபை கூடி நடத்தும் கனி விழாவில் சமர்ப்பிக்க வேண்டும். அட்டையில் நான்கு நிலைகள்: விதை, முளை, செடி, மரம். ஒவ்வொன்றுக்கும் பச்சை நிறத்தில் ஒட்டும் இலை உண்டு. குறைந்தது 'செடி' வரையாவது வளர வேண்டும் என்றார். அறுபத்தெட்டு வயதில் வளரச் சம்மதித்தேன்.

குழு கூடும் இடம் குழுத் தலைவரின் வீடு. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவர் காப்பீட்டு முகவர். மரணத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருடைய முகத்தில் உண்மையான ஒளி வரும். அவருடைய மனைவிதான் இப்போது என் மகளுடைய இடத்தில் வாசிப்பவர். ஆர்கனை மூடிவிட்டு, அதன் மேலேயே சொந்த கீபோர்டை வைத்துக்கொண்டார். அந்தக் கீபோர்டில் தானாகத் தாளம் போடும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை எப்போது அமுக்கினோம், எப்போது விட்டோம் என்பது அவருக்கே தெரியாது. ஒருமுறை மௌன ஜெபத்தின் நடுவில் டமடமவென்று முழங்கியது. அன்றிலிருந்து என் மனதுக்குள் அவர் தாளம்மா.

முதல் வாரம் மனம் திறக்கும் விளையாட்டு. "நீங்க ஒரு பழமா இருந்தா என்ன பழமா இருப்பீங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார் தலைவர். நான்கு குழுக்களுக்கு மண்டல ஒருங்கிணைப்பாளரான பல் மருத்துவர் ஒருவர், தான் ஒரு மாதுளை என்று அறிவித்தார். என் முறை வந்தது.

"நான் ஆய்வாளர்," என்றேன்.

"பழமா இருந்தா ஐயா?"

"அழுகியிருக்கான்னு பாப்பேன்."

அட்டையில் 'மனம் திறக்கவில்லை' என்று எழுதினார்.

மூன்றாம் வாரம் பயிற்சி ஏட்டில் கோடிட்ட இடத்தை நிரப்பினோம். 'விசுவாசிக்குத் தேவை ______.' நான் 'பொறுமை' என்று எழுதினேன். ஏட்டின் கடைசிப் பக்கத்தில் தலைகீழாக அச்சிட்டிருந்த விடை 'மிகுந்த பொறுமை'. தவறு என்று சுழித்துவிட்டார்கள். 'மிகுந்த' என்பது அந்த ஏட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குத் தேவைப்படும் அளவு என்று பிறகு புரிந்தது.

ஐந்தாம் வாரம் எனக்கு ஒரு பொறுப்புத் துணை நியமிக்கப்பட்டார்: பல் மருத்துவர். வாரம் ஒரு பாவத்தை அவரிடம் நான் ஒத்துக்கொள்ள வேண்டும். "பெருமை" என்றேன். எழுதிக்கொண்டார். ஆறாம் வாரமும் பெருமை என்றேன். ஏழாம் வாரமும். எட்டாம் வாரம் அவர் பேனாவை வைத்துவிட்டார்.

"வாராவாரம் ஒரே பாவத்தையே கொண்டு வந்தா எப்படி ஐயா? வளர்ச்சி வேணாமா?"

"இருக்கறதுதானே டாக்டர் கொண்டு வர முடியும்?"

"மத்தவங்களைப் பாருங்க. போன வாரம் ஒருத்தர் மூணு கொண்டு வந்தார். ஒண்ணு அவரோடது, ரெண்டு அவர் தம்பியோடது."

அந்தக் குழுவில் யார் அழுதாலும் ஓர் இலை. தாளம்மா வாரம் தவறாமல், காபி வருவதற்குச் சரியாக ஐந்து நிமிடம் முன்னால் அழுதார். அவர் மரம். என் மனைவியின் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அவள் விதை. அதுவும் 'முளைக்கும் அறிகுறி இல்லை' என்ற குறிப்போடு.

ஒன்பதாம் வாரம் தலைவர் எங்களுக்கு ஜெபக் குறிப்பு எழுதும் முறையைக் கற்பித்தார். "பொதுவா ஜெபிச்சாப் போதாது. விவரம் வேணும். யாரு, எங்க, எப்ப, ஏன். விவரம் குறைஞ்சா நாமதான் அன்போட கேட்டு வாங்கணும். கிடைக்கலைன்னா..." கொஞ்சம் யோசித்தார். "ஆவியானவர் உணர்த்தறதைச் சேத்துக்கணும்."

தராசின் அடியில் காந்தம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்துபோயிற்று.

மேடைத் தராசுகளுக்கு நான்கு மூலைச் சோதனை என்று ஒன்று உண்டு. அரசு முத்திரையிட்ட ஒரே படிக்கல்லை எடுத்து, தட்டின் ஒவ்வொரு மூலையிலும் மாறி மாறி வைக்க வேண்டும். நான்கு மூலையும் ஒரே எடையைக் காட்டினால் அது தராசு. இல்லையென்றால் அது திருட்டுக்கான கருவி. நடுவில் மட்டும் வைத்துப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. நான் ஏமாந்ததில்லை.

வீட்டுக்கு வந்து, கரித்தாள் வைத்து ஒரு வாக்கியத்தை நான்கு பிரதி எழுதினேன்: 'குழுக் கூட்டத்துக்காக மாடிப்படி ஏறும்போது என் இடது முழங்கால் வலிக்கிறது. ஜெபியுங்கள்.' முழுக்க உண்மை. தேதி போட்டு மனைவியிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினேன்.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள்.

"முழங்கால் வலிக்கு."

"தைலம் தேச்சாப் போச்சு. கரித்தாள் எதுக்கு?"

பத்தாம் வாரம், ஒரே மாலையில், அந்த வாக்கியத்தை நான்கு பேரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். காப்பீட்டுத் தலைவர், தாளம்மா, பல் மருத்துவர், போதகர். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை காப்பீட்டுத் தலைவர் ஒரு விண்ணப்பத்தோடு வாசலில் நின்றார். உடல் உறுப்பு இழப்புக்கான பாலிசி. "கால் போனப்புறம் போட முடியாது ஐயா. போறதுக்கு முன்னாடியே போட்டுடணும். அன்புலதான் சொல்றேன்." வாசலோடு அனுப்பிவிட்டேன்.

மதியம் பல் மருத்துவர் தொலைபேசியில் வந்தார். ஆபரேஷன் முடியும்வரை இடைவிடாத சங்கிலி ஜெபத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டாராம்.

"எந்த ஆபரேஷன்?"

"தைரியமா இருங்க ஐயா. எங்ககிட்ட மறைக்க வேணாம்."

சாயங்காலம் தாளம்மா என் மனைவிக்குப் போன் செய்து, காபி வரும் அறிகுறி எதுவும் இல்லாமலே அழுதார். "வயசான காலத்துல உங்களுக்கு இப்படியா அக்கா? பெத்த பொண்ணே இப்படிச் செய்வாளா?" என்ன செய்தாள் என்று என் மனைவி கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

நான்காவது மூலை ஞாயிறன்று அச்சில் வந்தது. ஏழாம் எண்ணிலிருந்து மூன்றாம் எண்ணுக்கு எங்கள் குடும்பம் உயர்ந்திருந்தது. 'வீட்டில் நடந்த சண்டையில் சொந்த மகளால் மாடிப்படியிலிருந்து தள்ளப்பட்டு, ஒரு காலை இழக்கும் நிலையில் இருக்கும் ஓய்வுபெற்ற முத்திரை ஆய்வாளருக்காக.' நான் இரண்டாவது பெஞ்சில் இரண்டு கால்களோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் தாளைப் படித்தார். என் காலைப் பார்த்தார். பிறகு தாளையே நம்பினார்.

எனக்கு அன்று ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். காந்தத்தைக் கையில் பிடித்த சந்தோஷம். அது திங்கட்கிழமை மாலைவரை இருந்தது.

திங்கட்கிழமை மாலை மகள் மருந்துக் கடையிலிருந்து சீக்கிரமே வந்தாள். கைப்பையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள்.

"இன்னைக்கு ஒரு அம்மா என் கையால மருந்து வாங்க மாட்டேன்னுட்டாங்க. வேற ஆளைக் கூப்பிடச் சொன்னாங்க. சபையில நாலாவது பெஞ்சுல உக்காருவாங்களே, அவங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அம்மா கரித்தாளைக் காட்டினாங்க. நாலு பேர்கிட்டயும் நீங்கதான் போய்ச் சொன்னீங்களா?"

"நான் முழங்கால்னுதான் சொன்னேன். உன் பேச்சையே எடுக்கலை."

"அவங்க என்ன எடுப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே வெச்சீங்க? படிக்கல்லை வெச்சது நீங்க. அது விழுந்தது என் தலையில. அவங்களும் என்னைக் கேக்கலை, நீங்களும் கேக்கலை. என்னப்பா வித்தியாசம்?"

இத்தனை வருடத்தில் என்னைப் பிடித்த ஆய்வாளர் அவள் ஒருத்திதான். மன்னிப்பு என்ற சொல் என் வாய்க்குப் பழக்கமில்லை. உள்ளே போய், நான்கு பிரதிகளையும், ஞாயிற்றுக்கிழமைத் தாளையும், காப்பீட்டு விண்ணப்பத்தையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன்.

"இப்பக் கேக்கறேன். கிழிச்சுப் போடச் சொன்னா கிழிச்சுப் போடறேன். என்ன செய்யலாம், நீயே சொல்லு."

அவள் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தாள். விண்ணப்பத்தில் 'இழக்கப்போகும் உறுப்பு' என்ற இடத்தில் காப்பீட்டுத் தலைவர் முன்கூட்டியே 'இடது கால்' என்று நிரப்பியிருந்ததைப் பார்த்ததும் அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். அவள் சிரித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"கிழிக்க வேணாம்," என்றாள். "கனி விழாவுல படிங்க. ஆனா ஏன் வந்தேன்னு மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு ஆதரவாக்கூட."

கனி விழாவில் மேடைக்கு ஆறு படிகள். ஜெபக் குறிப்பைப் படித்திருந்த முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு படியாக, இரண்டு கால்களாலும் ஏறினேன். சாட்சி சொல்ல ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். கையில் என் பழைய மரப்பெட்டி. திறந்து, ஒரு கிலோ பித்தளைப் படிக்கல்லை எடுத்துப் பிரசங்க பீடத்தின்மேல் வைத்தேன். கீழே முன்வரிசையில் காப்பீட்டுத் தலைவர், பல் மருத்துவர், ஓரத்தில் கீபோர்டை ஒட்டித் தாளம்மா. எனக்குப் பக்கத்தில் போதகர்.

"இது சோதனை அறிக்கை," என்றேன். "வைத்த எடை: மாடிப்படி ஏறினா முழங்கால் வலி. சாட்சிக் கையெழுத்து இருக்கு. முதல் மூலை காட்டிய எடை: கால் போகப் போகுது, பாலிசி போடணும். ரெண்டாம் மூலை: பெத்த பொண்ணே இப்படிச் செஞ்சுட்டா. மூணாம் மூலை: ஆபரேஷன். நாலாம் மூலை எல்லாத்தையும் கூட்டி அச்சடிச்சிருக்கு. நான் ஏறின மாடிப்படி குழுத் தலைவர் வீட்டுப் படி. மேடையிலயும் முன்வரிசையிலயும் இருக்கற பெரியவங்களை ஒண்ணு கேக்கறேன். உங்கள்ல யாராவது ஒருத்தர் எங்க வீட்டுக்குள்ள வந்து உக்காந்ததுண்டா?"

முன்வரிசையில் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். எங்க வீட்டுல மாடியே கிடையாது."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு பின்வரிசை. பிறகு, பாவம், மரங்களும் செடிகளும்கூட. நாலாவது பெஞ்சு அம்மா மட்டும் ஜெபக் குறிப்புத் தாளை மடித்துக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டிருந்தார். இந்தச் சந்தடியில் தாளம்மாவின் முழங்கை எங்கேயோ பட்டுத் தாளம் முழங்க ஆரம்பித்தது. அதை நிறுத்தக் கால் நிமிடம் ஆயிற்று.

போதகர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். "ஐயா, கொஞ்சம் கூடக்குறைய ஆகியிருக்கலாம். ஆனா நோக்கம் அன்பு. அன்பு இருக்கற இடத்துல தகவல் பெருகத்தான் செய்யும்." சொன்னது தனக்கே கேட்டதும் வேகமாகத் தொடர்ந்தார். "சகோதரியோட குணமாகும் பருவம் இன்னையோட முடிஞ்சதா அறிவிக்கறேன். வந்து ஆர்கன்ல உக்காருங்கம்மா."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் கடைசி வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் எழுந்து நின்றாள்.

"நான் குணமாயிட்டேன் ஐயா. உங்களுக்கு இன்னும் ஆகலையே," என்றாள். "உங்களுக்கும் பன்னிரண்டு வாரம் ஆகட்டும். நீங்க, குழுத் தலைவர், அவர் மனைவி, டாக்டர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவோட ஆஸ்பத்திரிக்குப் போங்க. அட்டையில அம்மா கையெழுத்துப் போடுவாங்க. நாலு பேரும் செடி ஆனதும் நான் வந்து வாசிக்கறேன்."

முந்நூறு பேருக்கு முன்னால் மருத்துவமனைக்கு வரமாட்டேன் என்று எந்தப் போதகர் சொல்வார்? "ஸ்தோத்திரம்," என்றார். சின்னக் குரலில்.

சிக்கல் என் மனைவியிடமிருந்து வந்தது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "இவங்களை வார்டுக்குள்ள விட மாட்டேன்."

"ஏன்?"

"நோயாளிங்க மனசு விட்டுப் பேசுவாங்க. அதை இவங்க காதுல போட முடியாது. பின்பக்கம் பெட்பேன் கழுவற இடம் இருக்கு. அங்க நிக்கட்டும். பெட்பேனுக்கு வாய் கிடையாது."

முப்பத்தொன்பது வருட இல்லறத்தில் இவளை நான் சரியாக எடை போட்டதில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

இப்போது ஏழு வாரம் ஆகிறது. பல் மருத்துவர் முளைவிட்டிருக்கிறார். காப்பீட்டுத் தலைவர் முதல் வாரமே வார்டு வாசலில் பாலிசி பேசி, ஒட்டிய இலையைப் பறிகொடுத்துத் திரும்பவும் விதைக்குப் போனார். விதைக்கும் கீழே ஒரு நிலை இல்லாததால் அங்கேயே நிற்கிறார். தாளம்மா ஒருமுறை அழுதார். "கையைக் கழுவிட்டு அழுங்கம்மா, கண்ணுல பட்டுடும்" என்றாளாம் என் மனைவி. ஆர்கன் பூட்டியிருக்கிறது. சாவி என் மகளிடம்.

போன வெள்ளி மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "போதகர் பாவங்க. யாரும் சொல்லாமலே ரெண்டு பெட்பேன் அதிகமாக் கழுவறார். முளைன்னு போட்டுடட்டுமா?"

"கையெழுத்து உன்னோடது. சோதனை மட்டும் நான் பண்றேன்," என்றேன்.

இந்த வெள்ளி நானும் போனேன். மாடியில்லாத கட்டடம், முழங்கால் வலிக்கவில்லை. பின்பக்கம் போதகர் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு நின்றார். பழக்கத்தில் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடிக்க வந்தவர், தன் கையைப் பார்த்து நின்றுவிட்டார். பிறகு கழுவி முடித்த பெட்பேனை இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டினார்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். நடுவில் பளபளவென்று இருந்தது. நடுவில் மட்டும் பார்த்து ஏமாறுகிறவன் அல்ல நான். வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தின் உள்மடிப்பை மெதுவாக நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

"மறுபடி," என்றேன்.